மனு எழுதிய தலைமுறையும் விண்ணப்பம் எழுதும் தலைமுறையும்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் ஏற்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் தோழர்களுக்கும், நாகலூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பழம் எடுக்கிற நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாக்களுக்கும் ஜெய்பீம்.

இந்த நாளில் வழக்கமாக அண்ணலின் கொள்கையைப் பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சட்டப் படிப்புக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பம் எப்படித் தயாரிப்பது என்று பேசட்டுமா?" என்று கேட்டேன். ஒரு தோழர் சிரித்தார். "அது கோச்சிங் சென்டர் வேலை ஆச்சே அக்கா" என்றார். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாத பிள்ளைகள் வேறு யாரிடம் போய்க் கேட்பார்கள்? அதனால்தான் இந்தத் தலைப்பு.

சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த மலையில் இரண்டு வகையான மக்கள் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். காலங்காலமாக இங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஒரு பக்கம். தோட்ட வேலைக்காகக் கீழ்நாட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வரப்பட்டு, லைன் வீடுகளில் குடியமர்த்தப்பட்ட நம் மக்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு இலக்கியம் உண்டு. அதன் பெயர் மனு.

என் அப்பாவின் தலைமுறை மனு எழுதிய தலைமுறை. ரேஷன் கார்டுக்கு மனு, பட்டாவுக்கு மனு, ரோட்டுக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு. "ஏழை எளியவனாகிய நான்" என்று ஆரம்பித்து, பட்ட கஷ்டத்தை வரிசையாகச் சொல்லி, "தாங்கள் தயைகூர்ந்து" என்று முடியும். அந்த எழுத்தை நான் கேலி செய்யவில்லை. இந்த மலையில் எரியும் பல தெருவிளக்குகள் அப்படிப்பட்ட மனுக்களால் வந்தவை. ஆனால் மனுவின் இலக்கணம் நம் கையில் ஊறிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எழுத உட்கார்ந்தாலும் நாம் மனுதான் எழுதுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். மனு இரக்கத்தைக் கேட்கிறது. விண்ணப்பம் ஒரு வாதத்தை வைக்கிறது, அதற்கு ஆதாரமும் காட்டுகிறது.

இதை நான் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, எம்.ஏ. சமூகவியல் முடித்த கையோடு, சட்டமும் மனித உரிமையும் சேர்ந்த ஒரு மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தேன். இரண்டு பக்க நோக்க அறிக்கை கேட்டிருந்தார்கள். ஏன் இந்தப் படிப்பு, நான் இதுவரை செய்தது என்ன, இனி செய்யப் போவது என்ன என்று சொல்ல வேண்டிய கட்டுரை அது. நான் அம்மாவின் கை வெடிப்பைப் பற்றி எழுதினேன். ஒரே அறையில் ஏழு பேர் படுத்ததை எழுதினேன். பள்ளியில் தனியாக வைத்திருந்த டம்ளரைப் பற்றி எழுதினேன். எல்லாம் உண்மை. நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அங்கே ஒரு அம்மையார், "உங்கள் வாழ்க்கை மனதைத் தொடுகிறது. எங்களிடம் என்ன படிக்க வருகிறீர்கள்?" என்று கேட்டார். "மனித உரிமை" என்றேன். "அதில் எது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

சாதிதான் காரணம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாதி எங்கும் இருக்கிறது, அங்கும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று என் டிரங்குப் பெட்டியில் இரண்டு நோட்டுகள் இருந்தன. பழம் எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. சாயங்காலம் களத்தில் மேஸ்திரி எடை போடுவார். அவர் சொல்வதுதான் எடை. நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்கி, மூட்டையைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன்பே எடை போட்டோம். எங்கள் எடை ஒரு பக்கம், மேஸ்திரி சொன்ன எடை எதிர்ப்பக்கம். இரண்டு பருவம் விடாமல் எழுதினோம். அந்த நோட்டைப் பற்றி என் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை. அது படிப்பு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. காயத்தை எழுதினேன், வேலையை விட்டுவிட்டேன்.

இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "காப்பித் தோட்டங்களில் கிலோ கணக்கில் கூலி பெறும் பெண்களின் எடையை இரண்டு பருவங்கள் பதிவு செய்தேன். குறைந்தபட்சக் கூலிக்கு 1948இலும் தோட்டத் தொழிலாளருக்கு 1951இலும் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் எடையைச் சரிபார்க்கும் அதிகாரம் களத்தில் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. சட்டத்துக்கும் களத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைப் படிக்க விரும்புகிறேன். நான் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்." கடைசி வரியைக் கவனியுங்கள். பிறப்பை மறைக்கவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடத்தில் அதை வைத்திருக்கிறேன்.

அண்ணலைப் பாருங்கள். 1916 மே 9ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயதில், 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். சின்ன வயதில் தண்ணீர் மறுக்கப்பட்டவர் அவர். ஆனால் அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, சாதி எப்படி இயங்குகிறது, எப்படித் தோன்றிப் பரவுகிறது என்று ஆராய்வது. அகமணத்தை மையத்தில் வைத்து வாதம் செய்தார். தன் அனுபவங்களையும் எழுதினார். அது பின்னாளில், 1930களில், 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தனிப் பிரதியாக வந்தது. அங்கேயும் அழுகை கிடையாது. வெளிநாட்டவருக்குத் தீண்டாமையை விளக்க, சாட்சியம் போல நிகழ்ச்சிகளை அடுக்கினார். எந்த இடத்தில் எதை எழுதுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரும் ஒரு விண்ணப்பதாரர்தான். சிலையாகப் பார்த்துப் பார்த்து அதை மறந்துவிட்டோம். பரோடா மன்னர் சயாஜிராவிடம் அவரைப் பரிந்துரைத்தவர் கேளுஸ்கர் என்ற ஆசிரியர். 1913இல் பரோடா அரசின் உதவித்தொகை கிடைத்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு கிடைத்த பணம் அது. கொலம்பியாவில் அவருடைய பேராசிரியர் செலிக்மன், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். 1916இல் அங்கேயும், சட்டத்துக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகை முடிந்துபோனது. படிப்பு பாதியில் நின்றது. கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர அனுமதி வாங்கிக்கொண்டார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திப் பணம் சேர்த்தார். கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா உதவினார், நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920இல் மறுபடி லண்டன் போனார். 1922இல் பாரிஸ்டர். அவருடைய டி.எஸ்சி. ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் பட்டம் பெற்றார்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் எல்லாம் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம், நிபந்தனையோடு வரும் பணம், பணம் நின்றால் மாற்று வழி, திரும்பி வர எழுத்து மூலமான அனுமதி, திருத்தி மறுபடி எழுதும் பொறுமை. ஒவ்வொன்றாக நம் மலைக்குக் கொண்டு வருகிறேன்.

முதலில் சான்றிதழ். நம் பிள்ளைகள் மதிப்பெண்ணில் தோற்பதைவிட, காகிதத்தில் தோற்பதை அதிகம் பார்த்திருக்கிறேன். பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்கிறார். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அதற்கு விசாரணை, சேலத்துக்கு அலைச்சல், அப்பாவின் சான்றிதழ் எங்கே என்ற கேள்வி. சேலம் மாவட்டத்தில் மலையாளி என்றால் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே மக்கள் ஈரோடு மாவட்டத்து மலைகளில் இருந்தால் பட்டியலில் இல்லை. பெண் எடுத்துக் கொடுத்த குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். வீடு தோட்டத்துடையது, இருப்பிடச் சான்றுக்கு என்ன காட்டுவது என்று நிற்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசுவோம். இந்த மலையில் நம்மில் பலர் கிறிஸ்தவர்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. பிறகு 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வருவார்கள். வீட்டில் ஒரு பேர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பேர், சாதிச் சான்றிதழில் ஒரு பேர் என்று இருந்தால் சரிபார்க்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த அநியாயத்தை எதிர்த்துத் தெருவில் நிற்போம். விண்ணப்பத்தில் உண்மையை மட்டும் எழுதுவோம். பிளஸ் ஒன் சேர்ந்த நாளிலேயே சாதி, வருமானம், இருப்பிடம், பெயர் எழுத்து நான்கையும் சரிபார்த்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, எந்தக் கதவு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப் படிப்பு மதிப்பெண். அம்பேத்கர் பெயரில் இருக்கும் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்குகிறது. பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், அருந்ததியருக்கு 3, பழங்குடிக்கு 1. சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. இந்தக் கதவைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

திருச்சியில் உள்ளது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் தேர்வு. 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்பான பதிலுக்குக் கால் மதிப்பெண் போகும். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்தியைக் கொடுப்பார்கள், படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். சமீப ஆண்டுகளில் அதை டிசம்பரில் வைக்கிறார்கள். நம் மலையில் டிசம்பர் பழம் எடுக்கும் காலம். வீட்டில் எல்லாக் கையும் தோட்டத்துக்குப் போகும் நேரம். அம்மாக்களே, இதை உங்களிடம் கேட்கிறேன்: அந்த ஒரு பருவத்துக்குப் பிள்ளையைக் கூடைக்குக் கூப்பிடாதீர்கள். தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்து, அதன் வாதம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எங்கே ஓட்டை என்று தமிழில் மூன்று வரி எழுதுங்கள். இரண்டு வருடம் செய்தால் அந்தத் தேர்வு பயமுறுத்தாது. ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய 'இடியா' அமைப்பு, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுக்கே பயிற்சி கொடுக்கிறது. தேடிப் போய்க் கேளுங்கள்.

மேலாண்மைப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கேட் தேர்வு முடிந்து நேர்முகத்தில் "என்ன அனுபவம்?" என்று கேட்பார்கள். மகளிர் குழுவுக்கு மூன்று வருடம் கணக்கு எழுதியவள், "அனுபவம் எதுவும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வருகிறாள். எத்தனை பேருக்குக் கடன் போனது, எத்தனை பேர் திருப்பிக் கட்டினார்கள், கட்டாதவரை எப்படிக் கட்ட வைத்தாய்? அதுதான் அனுபவம்.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதம். பெரிய ஆளிடம் வாங்கினால் நல்லது என்று எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்காதீர்கள். உங்களுடைய ஒரு கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் எழுதும் பத்து வரி, உங்களைத் தெரியாத பெரியவரின் லெட்டர்பேடைவிட மேல். கேளுஸ்கர் அமைச்சர் இல்லை, அவர் ஒரு ஆசிரியர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு ஆசிரியரிடம் போய் வகுப்பில் எழுந்த ஒரு சந்தேகத்தைக் கேளுங்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். உள்ளே போங்கள். கடிதம் கேட்கும்போது உங்கள் கட்டுரையையும், நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலையும் கையில் கொடுங்கள். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னால் கேளுங்கள்.

நான்காவது, பணம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. இப்போது ஆண்டுக்கு 125 பேர், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள். 2022இல் ஒரு திருத்தம் செய்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்றார்கள். யோசித்துப் பாருங்கள். 'இந்தியாவில் சாதிகள்' எழுதிய மாணவன் இன்று விண்ணப்பித்தால் அந்தத் தலைப்பே தடை. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிதி இல்லை என்று முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். அதனால் ஒரே ஒரு உதவித்தொகையை நம்பி டிக்கெட் போடாதீர்கள். தமிழ்நாடு அரசு அண்ணல் பெயரில் நடத்தும் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் அதில் இடம் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகைக்கும் தனியாக எழுதுங்கள். இடம் கிடைத்துப் பணம் கிடைக்கவில்லை என்றால், சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க எழுத்தில் கேளுங்கள். 1917இல் அண்ணல் செய்தது அதைத்தான்.

"இவ்வளவு பாடுபட்டு அவர்கள் கட்டிய கட்டடத்துக்குள் ஏன் போக வேண்டும்?" என்று இளம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பக்கத்து மாவட்டத்தைக் காட்டிப் பதில் சொல்கிறேன். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி. நம் மலையாளி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோரு ஆண்டுகள். அந்தப் பெண்கள் விடவில்லை, இயக்கத் தோழர்கள் விடவில்லை, வழக்கறிஞர்களும் விடவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் நம் ஆள் போகாவிட்டாலும் நம் வழக்கு அங்கேதான் போகிறது. உச்சநீதிமன்றத்தின் முதல் பட்டியல் சாதி நீதிபதி ஏ. வரதராஜன் தமிழ்நாட்டுக்காரர். அவர் அங்கே அமர 1980 ஆனது. குடியரசாகி முப்பது ஆண்டு.

கடைசியாக, இந்த அமைப்புக்கு ஒரு கோரிக்கை. வசதியான வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். எந்தத் தேதி கடைசி, எந்தக் கல்லூரி நல்லது, கட்டுரையில் எந்த வரியை எடுக்கலாம் என்று சொல்வார். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சித்தப்பா கிடையாது. இந்த அமைப்பு அந்த வேலையைச் செய்யட்டும். கவிதைக்கு விமர்சனக் கூட்டம் போடுகிறோம் இல்லையா, அதே போல மாதம் ஒரு ஞாயிறு விண்ணப்பக் கட்டுரைகளை வாசிப்போம். எழுதத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து திருத்துவோம். கட்டணம் கட்ட முடியாதவருக்கு ஒரு உண்டியல் வைப்போம். முதல் உண்டியல் காசு இன்று எனக்குக் கொடுத்த பயணப்படி. இதோ மேசையில் வைக்கிறேன்.

தம்பி தங்கைகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் மேல் நடந்ததை ஒரு பக்கம் எழுதுங்கள். நீங்கள் செய்ததை எதிர்ப்பக்கம் எழுதுங்கள். முதல் பக்கம் சீக்கிரம் நிறைந்துவிடும். இரண்டாவது பக்கம் நிறைய நாளாகும். அந்த இரண்டாவது பக்கத்தோடு அடுத்த மாதம் முதல் ஞாயிறு இங்கே வாருங்கள். என்னுடைய பழைய தராசு நோட்டையும் கொண்டு வருகிறேன். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

ஜெய்பீம்.